எலும்பா, கல்விழுதா? தென்னாப்பிரிக்கச் சுண்ணாம்புக் குகைகளில் எங்கே போவது

செப்டம்பர் விடுமுறை நெருங்கினால் பிரிட்டோரியா, ஜொகானஸ்பர்க் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். டர்பனிலிருந்து அத்தை வீட்டார் வருகிறார்கள், எங்கே கூட்டிப் போவது? க்ரூகர் பூங்காவில் சிங்கம் பார்த்தாயிற்று, சன் சிட்டிக்கும் போயாயிற்று. பள்ளியில் ஆதிமனிதர்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் குகைக்குப் போகலாம் என்கிறார்கள். மிட்ராண்டில் வேலை பார்க்கச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்திருக்கும் தம்பிமார்கள் கேட்பதும் இதுதான்: "அண்ணா, ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கு. எதுக்குப் போறது?"

நான் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் லாடியத்தில் இருப்பவன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் எல்லோரிடமும் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். பழமையைப் பார்க்க வேண்டுமா, அழகைப் பார்க்க வேண்டுமா? இரண்டும் ஒரே குகையில் கிடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த நாட்டில் பெரும்பாலும் அப்படிக் கிடைப்பதில்லை. மனித இனத்தின் பழைய எலும்புகள் கிடைத்த குகைகளில் கல்விழுதுகள், அதாவது சொட்டும் சுண்ணாம்பு நீர் படிந்து கூரையிலிருந்து தொங்கும் கற்கள், அதிகம் மிஞ்சவில்லை. கல்விழுதுகள் திரைச்சீலையாகத் தொங்கும் குகைகளில் அந்த எலும்புக் கதை இல்லை. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் தெரிந்துவிட்டால் எங்கே போவது என்பதில் பாதி முடிவாகிவிடும்.

முதலில் பாறையைப் பற்றி. ஜொகானஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் இருக்கும் கௌடெங் மாகாணத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருப்பது டோலமைட், அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் இருந்தது. அதில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகப் படிந்து உண்டாக்கிய பாறை இது. அந்த உயிர்கள் வெளிவிட்ட ஆக்சிஜன்தான் பிற்பாடு நாம் மூச்சு விடும் காற்றின் தொடக்கம். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, பாறையின் விரிசல்களில் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்துவிடுகிறது. உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கும்போது அந்த வெற்றிடத்துக்குள் காற்று புகுந்தால் அது குகை. மேலே கூரை வலுவிழந்து சரிந்தால் அது பள்ளம்.

அந்தப் பள்ளம் என்ன செய்யும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாடியம், செஞ்சூரியன், லெனேஷியாவின் சில பகுதிகள் எல்லாம் இதே டோலமைட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. தண்ணீர்க் குழாய் கசிந்தால் உடனே சொல்லுங்கள் என்று இங்கே வற்புறுத்துவது அதனால்தான். 1962 இல் கார்ல்டன்வில் அருகே ஒரு தங்கச் சுரங்கத்தின் கல் உடைக்கும் ஆலை முழுவதும் நிலத்துக்குள் இறங்கி 29 பேர் உயிரிழந்தார்கள். சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றியதால் வந்த வினை அது. குகைக்குப் போகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொண்டு போகட்டும். நாம் வேடிக்கை பார்க்கப் போகிற பாறையும் நம் வீட்டு அஸ்திவாரத்துக்குக் கீழே இருக்கும் பாறையும் ஒன்றுதான்.

சுண்ணாம்புச் சூளை செய்த வேலை

1886 இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டு ஜொகானஸ்பர்க் முளைத்தது. சில ஆண்டுகளிலேயே அரைத்த கல்லிலிருந்து தங்கத்தை சயனைடு கரைசலால் பிரித்தெடுக்கும் முறை வந்துவிட்டது. அந்தக் கரைசல் அமிலமாகிவிடாமல் வைத்திருக்கச் சுண்ணாம்பு வேண்டும். ஊர் கட்டுவதற்கும் சுண்ணாம்பு வேண்டும். டோலமைட்டைச் சுட்டால் நல்ல சுண்ணாம்பு கிடைக்காது. குகைக்குள் சொட்டுச் சொட்டாகப் படிந்த கல்விழுதும், தரையிலிருந்து மேலே வளரும் கல்முளையும் கிட்டத்தட்டக் கலப்பில்லாத கால்சியம் கார்பனேட். அதனால் 1890களில் சுண்ணாம்புத் தோண்டுகிறவர்கள் குகை குகையாகத் தேடிப் போனார்கள். வெடி வைத்து, உடைத்து, சூளையில் போட்டு எரித்தார்கள். பல்லாயிரம் ஆண்டு வளர்ந்த விழுதுகள் சில மாதங்களில் மூட்டையாகிப் போயின.

அப்படி உடைத்தபோதுதான் விழுதுகளுக்கு அடியிலும் பக்கத்திலும் இருந்த எலும்புப் பாறை வெளியே தெரிந்தது. குகை வாய் வழியாக உள்ளே விழுந்த மண், கல், எலும்பு எல்லாவற்றையும் சுண்ணாம்பு நீர் இறுக்கிப் பிடித்து, கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பதைப் போல எலும்புகள் பதிந்த பாறையாக்கி வைத்திருந்தது. ஸ்டெர்க்ஃபான்டைன், மகபான்ஸ்காட் இரண்டும் இப்படிச் சுண்ணாம்புக்காகத் தோண்டப்பட்ட இடங்கள்தான். 1924 இல் டாங் என்ற இடத்தில் மனித மூதாதை இனத்துக் குழந்தை ஒன்றின் மண்டை ஓடு கிடைத்ததும் ஒரு சுண்ணாம்புச் சுரங்கத்தில்தான். அழகு போனதால்தான் எலும்பு கிடைத்தது. இரண்டும் ஏன் ஒரே இடத்தில் இல்லை என்பதற்கு விடை இதுதான்.

இதை எழுதும்போது இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. தில்லையாடி வள்ளியம்மை ஜொகானஸ்பர்க்கில் பிறந்தது 1898 இல். அவர் குழந்தையாக இருந்த காலத்தில்தான் ஊருக்கு வெளியே குகைகளில் இந்த வெடிகள் வெடித்துக்கொண்டிருந்தன. தங்கம் இழுத்து வந்த ஊரில் தமிழர்களும் சுண்ணாம்புக்காரர்களும் ஒரே சமயத்தில் கால் வைத்திருக்கிறார்கள். டர்பனிலிருந்து வருகிறவர்கள் குகைக்குப் போகும் வழியில் பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டத்தில் வள்ளியம்மை அடக்கமான இடத்தையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

ஸ்டெர்க்ஃபான்டைனும் அதைச் சுற்றியும்

ஜொகானஸ்பர்க்குக்கு வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் மனிதகுலத்தின் தொட்டில் என்று அழைக்கப்படும் பகுதி இருக்கிறது. 1999 இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எங்கள் லாடியத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். நான் சொல்லப் போகும் நான்கு இடங்களில் மிக அருகில் இருப்பது இது, கதை மிகுந்ததும் இதுதான்.

1947 இல் ராபர்ட் புரூம், ஜான் ராபின்சன் என்ற ஆய்வாளர்கள் ஸ்டெர்க்ஃபான்டைனில் மனித மூதாதை ஒன்றின் முழு மண்டை ஓட்டைக் கண்டெடுத்தார்கள். மிஸஸ் ப்ளெஸ் என்று ஊரே அழைப்பது அதைத்தான். அதன் வயது குறித்து ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை. 20 லட்சம் ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்கிறவர்களும் உண்டு, 34 லட்சத்துக்கும் மேல் என்கிறவர்களும் உண்டு. குகையில் அதைத் தேடாதீர்கள். அசல் மண்டை ஓடு பிரிட்டோரியாவில், நகர மன்றத்துக்கு எதிரே உள்ள டிட்சாங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது.

என்னை அதிகம் கவர்ந்த கதை ‘லிட்டில் ஃபுட்’ உடையது. 1994 இல் ரான் கிளார்க் என்ற ஆய்வாளர், விலங்கெலும்பு என்று எழுதி ஓரமாக வைக்கப்பட்டிருந்த பெட்டிகளைக் கிளறியபோது நான்கு சின்னக் கால் எலும்புகளைப் பார்த்தார். அவை மனித மூதாதையின் கால் எலும்புகள். 1997 இல் அதே உடலின் இன்னும் சில துண்டுகள் பெட்டிகளில் அகப்பட்டன. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஒன்று அறுந்திருந்த விதத்தைப் பார்த்தவர், இது சுண்ணாம்புக்காரர்களின் வெடியில் உடைந்தது, மீதி உடல் இன்னும் பாறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அந்தத் துண்டின் அச்சை எடுத்து ஸ்டீஃபன் மொட்சுமி, ந்க்வானே மொலேஃபே என்ற இரண்டு உதவியாளர்களிடம் கொடுத்து, இதன் மறுபாதியைக் குகைச் சுவரில் தேடுங்கள் என்றார். அந்தப் பெரிய இருட்டுக் கூடத்தில் கைவிளக்கை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டே நாளில் அவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் அந்த எலும்புக்கூட்டைப் பாறையிலிருந்து முழுமையாகப் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து மக்களுக்குக் காட்ட 2017 ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டால் உள்ளே அவர்கள் பார்ப்பது வெறும் பழுப்புச் சுவர்தான். கதை தெரிந்த பிள்ளை அந்தச் சுவரைப் பார்க்கும் விதமே வேறு.

பக்கத்தில் உள்ள ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டை ஓட்டில் இரண்டு துளைகள் இருந்தன. ஒரு சிறுத்தையின் கோரைப் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியோடு அவை ஒத்துப்போவதை பாப் பிரைன் என்ற ஆய்வாளர் காட்டினார். இந்த மேட்டு நிலத்தில் மரம் குறைவு. குகை வாயில் மட்டும் ஈரம் இருப்பதால் அங்கே காட்டு ஆலிவும் வெள்ளை ஸ்டிங்க்வுட் மரமும் வளரும். சிறுத்தை இரையை மரத்தில் ஏற்றித் தின்றது, எலும்பு கீழே குகைக்குள் விழுந்தது. இப்போதும் அந்தப் பக்கம் காரில் போகும்போது, புல்வெளியில் திடீரென்று ஒரு சின்ன மரக்கூட்டம் தெரிந்தால் அதன் கீழே ஒரு குகை வாய் இருக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகளை எண்ணிக்கொண்டே வரச் சொல்லலாம்.

ஹோமோ நலேடி என்ற பழைய மனித இனத்தின் எலும்புகள் கிடைத்த ரைசிங் ஸ்டார் குகையும் இதே பகுதிதான். 2013 இல் இரண்டு குகையாய்வாளர்கள் மிகக் குறுகலான ஒரு பிளவு வழியாக இறங்கி அதைக் கண்டார்கள். 2015 இல் உலகுக்கு அறிவித்தார்கள். அது ஆய்வுக்கான இடம், நம்மைப் போன்றவர்கள் சுற்றிப் பார்க்கும் இடம் கிடையாது. இந்தக் கண்டுபிடிப்புகளைப் பற்றிய விளக்கம் மரோபெங் காட்சியகத்தில் இருக்கிறது. புல் மூடிய மேடு மாதிரி வெளியே தெரியும் கட்டடம், உள்ளே நிலத்தடியில் படகில் ஒரு சுற்று. சிறு பிள்ளைகளுக்கு ஸ்டெர்க்ஃபான்டைனைவிட இதுதான் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

குகையில் குறையும் உண்டு. படிகள் நிறைய, சில இடங்களில் குனிந்து போக வேண்டும். 2022 இறுதியில் நிலத்தடி நீர் பெருகி மூடப்பட்ட குகை 2025 ஏப்ரலில்தான் மீண்டும் திறந்தது. அதனால் போவதற்கு முன் ஒரு போன் போட்டு, திறந்திருக்கிறதா, எந்த நேரத்துக்கு வழிகாட்டி கிடைப்பார் என்று கேட்டுவிடுங்கள்.

அழகும் கொஞ்சம் வேண்டும் என்கிறவர்களுக்கு அருகிலேயே, காட்டு விலங்குக் காப்பகம் ஒன்றுக்குள், வொண்டர் கேவ் இருக்கிறது. இங்கேயும் 1890களில் சுண்ணாம்புக்காரர்கள் கை வைத்தார்கள். ஆனாலும் ஒரே பெரிய கூடமும் அதில் உயரமான கல்முளைகளும் தப்பித்துவிட்டன. படிகளில் கொஞ்ச தூரம் இறங்கி, அங்கிருந்து லிஃப்டில் அடிக்குப் போகலாம். லிஃப்ட் ஓடுகிறதா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எலும்பும் விழுதும் இரண்டும் வேண்டும் என்றால் காலையில் ஸ்டெர்க்ஃபான்டைன், மதியம் வொண்டர் கேவ் என்பதுதான் இந்த நாட்டிலேயே சுலபமான வழி. அன்றே மரோபெங்கையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது இடத்தில் பெரியவர்கள் பெஞ்சைத் தேடுவார்கள், பிள்ளைகள் ஐஸ்கிரீமைத் தேடுவார்கள்.

மகபான் பள்ளத்தாக்கு

என்.1 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஜொகானஸ்பர்க்கிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரத்தில் மொகொபானே. அதன் அருகே மலைகளுக்கு நடுவில் இந்தப் பள்ளத்தாக்கு. 2005 இல் இதுவும் டாங்கும் அதே உலகப் பாரம்பரியச் சின்னத்தோடு சேர்க்கப்பட்டன. டிக்கெட் எடுத்து வரிசையில் நின்று போகிற இடம் கிடையாது. முன்கூட்டியே ஏற்பாடு செய்து வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். அதனால்தான் நம்மவர்கள் அதிகம் போவதில்லை. எனக்கோ நான்கில் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

ஏனென்றால் இங்கே காலம் அடுக்கு அடுக்காக ஒரே பள்ளத்தாக்கில் இருக்கிறது. முன்பு சொன்ன மகபான்ஸ்காட் சுண்ணாம்புச் சுரங்கத்தில் ஆஸ்ட்ரலோபித்தேக்கஸ் என்ற மனித மூதாதையின் எலும்புகள் கிடைத்தன. அங்கே கிடைத்த எலும்புகள் சில கறுத்திருந்ததைப் பார்த்த ஆய்வாளர் ரேமண்ட் டார்ட், இவர்கள் நெருப்பை அறிந்தவர்கள் என்று எண்ணி அந்த இனத்துக்கு, மனிதருக்கு நெருப்பைக் கொண்டுவந்த கிரேக்கக் கதை நாயகன் பிரொமிதியஸின் பெயரை வைத்தார். அது நெருப்பின் கருமை இல்லை, மாங்கனீசு படிந்த கறை என்று பிறகு தெரிந்தது. கொஞ்சம் தள்ளி அடுப்புகளின் குகை என்று அழைக்கப்படும் இன்னொரு குகை. கைக்கோடரிக் காலத்திலிருந்து இரும்புக் காலம் வரை அங்கே மனிதர்கள் வந்து வாழ்ந்த அடையாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைத்திருக்கின்றன.

1925 இல் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கூழாங்கல் கிடைத்தது. செம்பழுப்பு நிறம், கால் கிலோவுக்குச் சற்று மேல் எடை. இயற்கையாகவே தேய்ந்து இரண்டு கண்ணும் வாயும் உள்ள முகம் போலத் தெரியும் கல். யாரும் செதுக்கியது கிடையாது. அந்த வகைக் கல் குகைக்குள் தானாக வந்து சேர வழியில்லை. ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், நம்மைப் போலப் பேசத் தெரியாத ஓர் உயிர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, முகம் தெரிகிறதே என்று தன்னோடு தூக்கி வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுயம்புவாகக் கிடைத்த கல்லில் முகம் பார்த்து, மஞ்சள் பூசி, அம்மன் என்று கும்பிடுகிற நமக்கு இந்தக் கூழாங்கல் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே புரியும்.

துயரமும் இங்கே உண்டு. 1854 இல் டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்களுக்கும் இந்த மண்ணின் கெகானா ந்டெபெலே மக்களுக்கும் இடையே மூண்ட பகையில், தலைவர் மொகொபானேயும் அவருடைய மக்களும் ஒரு பெரிய குகைக்குள் ஒதுங்கினார்கள். வெளியே படை சூழ்ந்துகொண்டது. பல வாரம் நீடித்த முற்றுகையில் தாகத்தாலும் பசியாலும் துப்பாக்கிச் சூட்டாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். படைத்தலைவர்களில் ஒருவரான பீட் பொட்கீட்டரும் அங்கேதான் கொல்லப்பட்டார். அந்தக் குகை வாயில் நிற்கும்போது பிள்ளைகள் சத்தம் போட்டு எதிரொலி கேட்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. அந்த மக்களின் வழிவந்தவர்களுக்கு அது முன்னோர் இறந்த இடம்.

சாலை கரடுமுரடு, வெயில் அதிகம், நடக்க வேண்டும், கடை கண்ணி கிடையாது. தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவர்களும் முழங்கால் வலிக்காரர்களும் இதை விட்டுவிடலாம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற, கேள்வி கேட்கிற பிள்ளைகள் இருந்தால் வேறு எங்கேயும் போகாதீர்கள், இங்கே போங்கள்.

சுட்வாலா

சரி, எலும்பு வேண்டாம், அண்ணாந்து பார்த்து வாய் பிளக்கிற மாதிரி ஓர் இடம் போதும் என்கிறீர்களா? அப்படியானால் என்.4 சாலையைப் பிடித்து ம்பும்பலாங்கா மாகாணத்திலுள்ள சுட்வாலா குகைக்குப் போங்கள். ஜொகானஸ்பர்க்கிலிருந்து நான்கு மணி நேரம், ம்பொம்பெலா வருவதற்குச் சற்று முன்னால் பிரிகிறது பாதை. வழியில் சுங்கச் சாவடிகள் வரிசையாக வரும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேயும் பாறை அதே டோலமைட்தான். ஆனால் தங்க நகரத்திலிருந்து எட்டத்தில் இருந்ததாலோ என்னவோ, சுண்ணாம்புச் சூளையின் பசிக்குத் தப்பிய பெரிய கூடங்கள் இருக்கின்றன. நடுக்கூடத்தின் குவிமாடம் ஏறத்தாழ 37 மீட்டர் உயரம், 70 மீட்டர் அகலம். அங்கே இசைக் கச்சேரிகளே நடந்திருக்கின்றன. வெளியே வெயில் 35 டிகிரி காய்ந்தாலும் உள்ளே சுமார் 17 டிகிரிதான், ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். வழிகாட்டி விளக்கைக் கூரைப் பக்கம் திருப்பும்போது வட்ட வட்டமாக வளையங்கள் தெரியும். முதலில் சொன்னேனே, ஆக்சிஜன் வெளிவிட்ட நுண்ணுயிர்கள், அவை கட்டிய படிவங்கள்தான் அவை. என்னைக் கேட்டால் இந்த நாட்டின் குகைகளில் மிக வயதான உயிர்ச்சுவடு அதுதான். மிஸஸ் ப்ளெஸின் வயதெல்லாம் அதன் முன்னால் நேற்றைய கணக்கு. பலரும் விழுதையே பார்த்துக்கொண்டு கூரையைத் தவறவிட்டு வருகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்வாசி அரசர் ம்ஸ்வாட்டியோடு பகைத்துக்கொண்ட சகோதரர் சொம்குபா தன் மக்களோடும் மாடுகளோடும் இங்கே வந்து ஒளிந்தார். அவருடைய தளபதி சுட்வாலாவின் பெயர்தான் குகைக்கு நிலைத்தது.

உள்ளே பெரும்பகுதி நிமிர்ந்தே நடக்கலாம், ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். தவழ்ந்து, நீரில் நனைந்து போகும் நீண்ட சுற்று ஒன்றும் உண்டு. அது வாலிபப் பிள்ளைகளுக்கு, அதுவும் முன்பதிவோடு.

இவ்வளவு தூரம் போனவர்கள் அன்றே திரும்பினால் வண்டி ஓட்டுகிறவருக்குத்தான் பாவம். ஒரு இரவு தங்கி மறுநாள் பிளைடு ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். ட்ரூர், பிளைடு ஆறுகள் கூடும் இடத்தில் சுழல்நீரும் கூழாங்கற்களும் பாறையைக் குடைந்து உண்டாக்கிய குழிகள் இருக்கின்றன. அணையில் படகுச் சவாரி போனால் கடிஷி அருவி தெரியும். அதன் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பாசியின்மேல் படிந்து படிந்து பாறையாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. மற்ற அருவிகள் பாறையைத் தேய்க்கும், இது பாறையைக் கட்டுகிறது.

காங்கோ

இது காங்கோ நாடு இல்லை, காங்கோ (Cango) குகை. மேற்கு கேப்பில், ஔட்ஸ்ஹூர்ன் ஊரிலிருந்து 29 கிலோமீட்டரில், ஸ்வார்ட்பெர்க் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஜொகானஸ்பர்க்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். குகைக்காக மட்டும் யாரும் போக மாட்டார்கள், போகவும் வேண்டாம். கேப் டவுன், கார்டன் ரூட் பயணத்தில் சேர்த்துக்கொள்வதுதான் முறை. ஜார்ஜ் வரை விமானத்தில் போய் அங்கிருந்து கார் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் கல்விழுதின் அழகு என்று பார்த்தால் நான்கில் முதலிடம் காங்கோவுக்குத்தான் கொடுப்பேன். ஒரு காரணம், சட்டம் சீக்கிரம் வந்தது. குகையிலிருந்து விழுதுகளை உடைத்து எடுத்துப் போவதை 1820 லேயே அன்றைய கேப் ஆளுநர் தடை செய்து அபராதம் விதித்தார். வடக்கே தங்கம் கிடைப்பதற்கு அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன். அதையும் மீறி உடைத்தவர்கள் உண்டு, சுவரில் பெயர் கிறுக்கியவர்கள் உண்டு. இருந்தும் சூளைக்குப் போகாமல் குகை பிழைத்தது.

இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. ஒரு மணி நேரச் சாதாரணச் சுற்று எல்லோருக்கும் ஏற்றது. சாகசச் சுற்றில் 30 சென்டிமீட்டர்கூட இல்லாத சந்து வழியாக வயிற்றால் ஊர்ந்து வெளியே வர வேண்டும். உடல் பருத்தவர்கள், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள், அடைத்த இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் அதற்கு ஆசைப்படக் கூடாது. இதில் வீம்பு வேண்டாம் என்று குடும்பத்து ஆண்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன். ஒருவர் சிக்கிக்கொண்டால் அவருக்குப் பின்னால் இருக்கும் எல்லோரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

டாங்கையும், குருமான் அருகே உள்ள வொண்டர்வெர்க் குகையையும் சிலர் கேட்பதுண்டு. பத்து லட்சம் ஆண்டுக்கு முந்தைய நெருப்பின் தடயம் கிடைத்த இடம் வொண்டர்வெர்க், ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிற தூரம் இல்லை.

புரட்டாசியும் மழையும்

செப்டம்பர் விடுமுறை என்றால் புரட்டாசி. இங்கே நம் வீடுகளில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. குகைகளின் பக்கத்து உணவகங்களில் பெரும்பாலும் பர்கரும் ஸ்டேக்கும்தான். ஆயாமார்கள் அங்கே தண்ணீர்கூடக் குடிக்க யோசிப்பார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் கட்டிக்கொண்டு போவதுதான் வழி. ஸ்டெர்க்ஃபான்டைனுக்கு ஒரு வேளைச் சோறு போதும். மகபானுக்குத் தண்ணீரும் சேர்த்து நாள் முழுவதற்கும் வேண்டும். சுட்வாலாவுக்குப் போகிறவர்கள் ம்பொம்பெலாவில், நம்மவர்கள் அதிகம் வாழும் வலென்சியா பார்க் பக்கம் தேவையானதை வாங்கிக்கொள்ளலாம்.

அக்டோபர் பிறந்துவிட்டால் மேட்டு நிலத்தில் பிற்பகலில் இடியும் ஆலங்கட்டியும் வரும். எந்தக் குகையாக இருந்தாலும் காலையில் முதல் சுற்றைப் பிடியுங்கள். செருப்பு வேண்டாம், அடி வழுக்காத ஷூ போடுங்கள். சேலை கட்டிப் போகிற பெரியவர்கள் அன்று ஒரு நாளைக்கு சல்வாருக்கு மாறிக்கொண்டால் படியிறங்க வசதி. விழுதைத் தொடாதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடத்தில் சுண்ணாம்பு படியாது, விழுது வளர்வது நின்றுவிடும்.

யார் எங்கே

டர்பனிலிருந்து அத்தை, மாமா, இரண்டு சின்னப் பிள்ளைகள், கையில் இருப்பது ஒரு நாள் என்றால் மரோபெங்கும் வொண்டர் கேவும் போதும். அத்தைக்கு முழங்கால் நன்றாக இருந்தால் மரோபெங்குக்குப் பதில் ஸ்டெர்க்ஃபான்டைன். சென்னையிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு குகை காட்ட வேண்டும், இரண்டு நாள் இருக்கிறது என்றால் தயங்காமல் சுட்வாலாவும் பிளைடும். பழங்கால எலும்பைப் பார்த்து அவர்கள் மகிழப் போவதில்லை. அந்தக் கூடத்தையும் மறுநாள் காலை பள்ளத்தாக்கின் பச்சையையும் பார்த்தால் ஊருக்குப் போயும் பேசுவார்கள். வயது வந்த பிள்ளைகள், புத்தகம் படிக்கிற நண்பர்கள், மிட்ராண்டுத் தம்பிமார்கள் நான்கைந்து பேர் ஒரு காரில் என்றால் மகபான். வழிகாட்டியிடம் இரண்டு வாரம் முன்னாலேயே பேசிவிடுங்கள், திடீரென்று கூப்பிட்டால் நடக்காது. காங்கோவை டிசம்பர் விடுமுறைக்கு, கேப் பயணத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் கூட்டம் நெரியும், டிக்கெட்டை நவம்பரிலேயே எடுத்துவிட வேண்டும்.